துடுப்பும் செதிலும் உள்ள மீன் எது? புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

நீரில் வாழும் உயிர்களில் துடுப்பும் செதிலும் உள்ளவற்றை மட்டும் உண்ணலாம், மற்றவை கூடாது. லேவியராகமம் 11-ஆம் அதிகாரமும் உபாகமம் 14-ஆம் அதிகாரமும் சொல்லும் விதி இவ்வளவுதான். தமிழ் வேதாகமத்தில் இதைச் ‘சிறகும் செதிளும்’ என்று படித்திருப்பீர்கள். யூதர்கள் இன்றுவரை இதைக் கடைப்பிடிக்கிறார்கள். செவந்த் டே அட்வென்டிஸ்ட் சபையினரும் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும் அப்படியே. ஷியா முஸ்லிம்களின் ஜஅஃபரி சட்டப் பிரிவிலும் செதில் உள்ள மீனுக்குத்தான் அனுமதி. இறாலுக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு.

புதிதாக இந்த விதிக்குள் வருபவர்கள் முதலில் தேடுவது ஒரு பட்டியல். எந்த மீன் சரி, எந்த மீன் கூடாது என்று பெயர் பெயராக எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பட்டியல் உதவும்தான், கீழே நானும் தருகிறேன். ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால் மூன்றாவது மீனிலேயே குழம்பிவிடுவீர்கள். ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயரில் இரண்டு மூன்று மீன். மத்தி என்பதும் சாளை என்பதும் ஒன்றுதான். வாளை என்று கேட்டால் கடலில் கிடைக்கும் நீண்ட வெள்ளி நாடா போன்ற மீனும் வரும், ஆற்றில் வாழும் பெரிய மீசைக்கார மீனும் வரும். இரண்டுக்கும் செதில் இல்லை என்பதால் இந்த இடத்தில் தப்பித்தீர்கள். எல்லா இடத்திலும் அப்படி அமையாது. அதனால் மீனைக் கையில் எடுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். நாலைந்து மீனைப் பொறுமையாகப் பார்த்தால் கண்ணும் விரலும் பழகிவிடும்.

முதலில் மீனே அல்லாதவற்றை ஒதுக்குங்கள்

விதி சொல்வது இரண்டு அடையாளங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இறால், நண்டு, சிங்கி இறால் இவற்றின் மேல் இருப்பது ஓடு, செதில் இல்லை. சிப்பி, மட்டி, நத்தை அப்படியே. கணவாய்க்கு உடலின் இரு பக்கமும் துடுப்பு உண்டு, நன்றாகவே தெரியும். ஆனால் செதில் கிடையாது. ஆக்டோபஸுக்கு ஒன்றும் இல்லை. திமிங்கலமும் டால்பினும் பாலூட்டிகள். துடுப்பு இருந்தாலும் தோல் வழவழப்பு, செதிலுக்கு வேலையே இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கேள்வி வரும். ஆமைக்கும் முதலைக்கும் கடல் பாம்புக்கும் செதில் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அவை ஊர்வன. மீனின் துடுப்பும் அவற்றுக்கு இல்லை, அவற்றின் செதிலும் மீனின் செதில் இல்லை. இங்கே விவாதமே கிடையாது, தாண்டிப் போகலாம்.

துடுப்பைப் பாருங்கள், ஆனால் அங்கே நிற்க வேண்டாம்

ஒரு முழு மீனைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முதுகில் நிற்பது முதுகுத் துடுப்பு. செவுள் மூடிக்குப் பின்னால் இரு பக்கமும் விசிறியாக விரிபவை மார்புத் துடுப்புகள். அடியில் ஒரு ஜோடி வயிற்றுத் துடுப்பு, அதற்குப் பின்னால் ஒற்றையாகக் குதத் துடுப்பு, கடைசியில் வால் துடுப்பு. விரலால் விரித்துப் பார்த்தால் மெல்லிய சவ்வுக்குள் கம்பிகள் ஓடுவது தெரியும். சிலவற்றில் அவை வளையும், சிலவற்றில் குத்தும் முள்ளாக இருக்கும். வஞ்சிரம், சூரை, அயிலை இவற்றில் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் வால்வரை குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாக நிற்கும். சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் வாலுக்குச் சற்று முன்னால் முதுகில் கம்பியே இல்லாத ஒரு சின்னச் சதைத் துடுப்பு இருக்கும். கெளுத்திகள் பலவற்றுக்கும் அது உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஏமாறக்கூடாது.

இவ்வளவு சொன்னாலும், துடுப்பை வைத்து நீங்கள் எதையும் தள்ளப்போவதில்லை. கிட்டத்தட்ட எல்லா மீனுக்கும் துடுப்பு உண்டு. சுறாவுக்கு உண்டு, கெளுத்திக்கு உண்டு, திருக்கையின் இரண்டு பெரிய ‘இறக்கை’ என்பதே விரிந்த மார்புத் துடுப்புதான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: செதில் உள்ளதற்கெல்லாம் துடுப்பு உண்டு, துடுப்பு இருந்தும் செதில் இல்லாதவை உண்டு. அதனால் நடைமுறையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். செதில் இருக்கிறதா?

செதிலைச் சோதிப்பது

இதுதான் முக்கியமான வேலை, இங்கே அவசரப்பட வேண்டாம்.

மீனை நல்ல தண்ணீரில் கழுவி மேலே உள்ள வழவழப்பைப் போக்குங்கள். அந்தக் கோழை இருக்கும்வரை சின்னச் செதில் கண்ணுக்கே தெரியாது. துணியால் ஒற்றி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். செதில் உள்ள மீனின் பக்கத்தில் வரிவரியாக, ஓட்டு வீட்டின் கூரையில் ஓடு அடுக்கியதுபோல ஒன்றின் மேல் ஒன்று படிந்த அரைவட்டங்கள் தெரியும். ஒவ்வொரு செதிலின் முன்முனை தோலில் பதிந்திருக்கும், பின்முனை வாலைப் பார்த்தபடி விடுபட்டு நிற்கும். அதனால்தான் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகிறது, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் தட்டுப்படுகிறது.

இனி கத்தியின் முதுகால், அல்லது கட்டைவிரல் நகத்தால், வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுங்கள். செதில் என்றால் கழன்று வரும். வந்ததை ஒரு கறுப்புத் துணியிலோ கண்ணாடியிலோ வைத்துப் பாருங்கள். மெல்லிய, ஒளி ஊடுருவும் தகடு. ஓரம் வட்டமாகவோ சற்றுக் கோணலாகவோ இருக்கும். உள்ளே நெருக்கமாக வளையங்கள் ஓடும். மீன் வளர வளரச் செதிலின் எண்ணிக்கை கூடுவதில்லை, இருக்கிற செதிலே பெரிதாகிறது. அந்த வளர்ச்சியின் தடம்தான் வளையம். மீனியல் ஆய்வாளர்கள் அதைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். விழுந்த செதிலுக்குப் பதில் புதிது முளைக்கும். அதன் நடுவில் வளையம் இருக்காது, தெளிவில்லாமல் இருக்கும். பெரிய கெண்டையின் செதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு முறை பார்த்தால் மறக்காது.

அடுத்தது தோல். செதில் கழன்ற இடத்தில் தோல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் நாக்மானிடிஸ், தோலோடு ஒட்டிப்போய் பிரிக்க முடியாதபடி இருப்பது வேதம் சொல்லும் செதிலில் சேராது என்று விளக்கினார். 16-ஆம் நூற்றாண்டில் கிராகோவில் வாழ்ந்த மோசே இசர்லஸ் அதைச் சட்டமாகவே பதிவு செய்தார். கையாலோ கத்தியாலோ எடுக்கும்போது தோல் பிய்ந்துகொண்டு வந்தால் அது கணக்கில் வராது. செதில், கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்க வேண்டும். நுண்ணோக்கியில் மட்டும் தெரிவது போதாது.

விலங்கியலில் எதைச் செதில் என்கிறார்கள் என்பதும் இந்த விதியில் எது செதில் என்பதும் ஒன்றாகப் பொருந்தாததற்கு இதுதான் காரணம். விலங்கியல் புத்தகத்தில் நான்கு வகை படிப்பீர்கள். ஓரம் வழவழப்பான வட்டச் செதில்: கெண்டை, சால்மன், மத்தி. பின்னோரத்தில் சீப்புப் பல் உள்ள செதில்: கொடுவா, களவா, பெர்ச். இந்த இரண்டு வகையும் சுரண்டினால் வந்துவிடும், விதிக்குப் பொருந்தும். மூன்றாவது கடினமான எனாமல் பூச்சுள்ள கனாய்டு செதில். வட அமெரிக்காவின் கார் மீனில் அது வைரக்கட்டம் வைரக்கட்டமாக ஒன்றோடொன்று பிணைந்து கவசமாகவே நிற்கும். நான்காவது சுறாவின் தோலில் உள்ளது. அது அமைப்பில் பல்லேதான்: உள்ளே கூழ், மேலே டென்டின் என்ற பல் திசு, அதன்மேல் எனாமல் போன்ற பூச்சு. தோலில் வேரூன்றி நிற்கும். கடைசி இரண்டும் தோலைக் கிழிக்காமல் வராது. சுறாவை வால்பக்கமிருந்து தடவும்போது கையைப் பிடித்து இழுக்கிறதே, அதைச் செதில் என்று எண்ணிவிடாதீர்கள்.

எத்தனை செதில் வேண்டும்?

ஒன்று போதும் என்பதுதான் விடை. 16-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் ஜோசப் காரோவின் சட்டத் தொகுப்பு ஒரு துடுப்பும் ஒரு செதிலும் இருந்தாலே அனுமதி என்கிறது. கூடவே, அந்த ஒரு செதில் தாடைக்குக் கீழோ துடுப்பு அருகிலோ வால் அருகிலோ இருக்க வேண்டும் என்ற கருத்தும் உண்டு. வேறு இடத்தில் ஒற்றையாக ஒட்டியிருந்தால் அது பக்கத்தில் கிடந்த மீனுடையதாகவும் இருக்கலாமே. கூடையில் பல மீனும் கலந்து கிடக்கும் நிலையை நினைத்தால் இது எவ்வளவு நியாயமான எச்சரிக்கை என்று புரியும்.

இந்த விடை முக்கியமானது, ஏனென்றால் பல மீன்கள் பார்வைக்கு மொட்டையாகவே இருக்கின்றன. மத்தி, நெத்திலி, வெள்ளை வவ்வால் இவற்றின் செதில் மெல்லியது, பிடிப்பில்லாதது. வலையில் உரசும்போதே உதிர்ந்துவிடும். கையில் வரும்போது பளபளவென்று செதிலே இல்லாததுபோல இருக்கும். தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கும்போது செதில் உதிர்ந்தாலும் மீன் அனுமதிக்கப்பட்டதே என்று, மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தல்மூத் நூலின் காலத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். இந்த மீன்களில் செவுள் மூடிக்குப் பின்னாலும் மார்புத் துடுப்பைத் தூக்கி அதன் அடியிலும் பாருங்கள். ஒன்றிரண்டு எப்படியும் மிஞ்சியிருக்கும்.

சூரையை எல்லாரும் செதில் இல்லாத மீன் என்றே நினைக்கிறார்கள். சூரை வகைகளுக்கு மார்புத் துடுப்பைச் சுற்றி உடலின் முன்பகுதியில் தடித்த செதில்கள் ஒரு கச்சையாகச் சூழ்ந்திருக்கும். டின்னில் அதிகம் வரும் வரிச்சூரைக்கு அந்தக் கச்சையிலும் பக்கக்கோட்டிலும் (உடலின் பக்கவாட்டில் வால்வரை ஓடும் கோடு) மட்டுமே செதில், மற்ற உடம்பு முழுக்க வெறும் தோல். ஆனாலும் அது போதும். வஞ்சிரத்துக்கும் அயிலைக்கும் உடலெங்கும் சின்னச் செதில் உண்டு. விரல் நகத்தால் வாலிலிருந்து கீறினால் நகத்தின் நுனியில் பொடியாகச் சேரும்.

பாம்பே டக் என்று பெயர் பெற்ற மென்மையான மீனுக்கு முன்பாதி மொழுமொழுவென்று இருக்கும், வால்பக்கம் பின்பாதியில்தான் செதில். தலைப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கெண்டையிலும் இப்படி உண்டு. ஐரோப்பாவில் வளர்ப்பில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய கண்ணாடிக் கெண்டைக்கு அங்கங்கே சில பெரிய செதில் மட்டும் இருக்கும். தோல் கெண்டை என்ற வகைக்கு முதுகோரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் உண்டு. இனம் கெண்டைதான், ஆனாலும் கையில் உள்ள மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தோற்றம் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். விரால் தலை பாம்பு மாதிரி இருக்கும், உடல் உருண்டு நீண்டிருக்கும். பார்த்த உடனே ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. தொட்டுப் பாருங்கள், தலையின் மேலேகூட நல்ல செதில். நாக்கு மீன் தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக, மீன் என்றே தோன்றாமல் கிடக்கும். அதற்கும் உடல் முழுக்கச் செதில். பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து எந்த மீனையும் சேர்க்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

சரி, இப்போது பட்டியல்

தயங்காமல் எடுக்கலாம் என்பவற்றை முதலில் சொல்கிறேன். நன்னீரில் ரோகு, கட்லா, மிர்கால், புல் கெண்டை என எல்லாக் கெண்டைகளும், ஜிலேபி என்று சொல்லும் திலேப்பியா, விரால். இரண்டு நீரிலும் திரிபவை கொடுவா, பால்மீன், மடவை. மடவையின் செதில் பெரியது, கற்றுக்கொள்ள ஏற்ற மீன். கடலில் சங்கரா, விளை மீன், களவா, கிழங்கான், பன்னா, பறவைக் கோலா, சீலா, கிளிமீன், காரல், வவ்வால், மத்தி, நெத்திலி, அயிலை, வஞ்சிரம், சூரை. பாறை மீன்களும் இதில் சேரும். அவற்றின் வாலருகே பக்கக்கோட்டில் தடித்த கேடயச் செதில்கள் வரிசையாகக் குத்தும், மற்ற இடத்துச் செதில் சின்னது. குளிர்க் கடல்களிலிருந்து வருபவற்றில் காட், ஹேடாக், ஹேக், பொல்லாக், ஹெர்ரிங், சால்மன், டிரவுட், ஹாலிபட் எல்லாம் சரி. டிரவுட்டின் செதில் மிகச் சிறியது, கழுவாமல் தேடினால் கிடைக்காது.

நிச்சயமாகக் கூடாதவற்றில் பெரிய கூட்டம் கெளுத்தி. உலகில் 3,000-க்கும் மேற்பட்ட கெளுத்தி இனங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கும் உண்மையான செதில் இல்லை. சிலவற்றுக்கு எலும்புத் தகடு மேலே இருக்கும், அதுவும் செதிலாகாது. கெளிறு, ஆற்று வாளை, பாசா எல்லாம் இந்தக் கூட்டம்தான். மீசை இருந்தால் கெளுத்தி என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், சாதாரணக் கெண்டைக்கே வாயோரத்தில் மீசை உண்டு.

அடுத்து சுறா, திருக்கை, உழுவை. கடல் வாளை. கடல் விலாங்கு வகையில் மோரே. பேத்தை மீன்: அதன் முள் செதிலிலிருந்து மாறியதுதான், ஆனால் எடுக்க முடியாது; கூடவே டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டு. கிளாத்தி: தோலே கவசம், உரித்துத்தான் எடுக்க முடியும். கடல் குதிரை, பெட்டி மீன் இவற்றின் மேல் இருப்பது எலும்புத் தகடு. குளிர் நாடுகளில் மாங்க் ஃபிஷ் என்று தலையை வெட்டி வால் சதையை மட்டும் விற்பார்கள், அதற்குச் செதில் அறவே இல்லை. லாம்ப்ரே, ஹாக் மீன் இரண்டுக்கும் செதிலும் இல்லை, ஜோடித் துடுப்பும் இல்லை.

நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மீனியல் அறிஞர் ஜேம்ஸ் ஆட்ஸ் தொகுத்த பட்டியலை யூத அமைப்புகள் பல இன்றும் பயன்படுத்துகின்றன. அது ஆங்கில வணிகப் பெயர்களில் இருக்கிறது. அதைத் தமிழ்ப் பெயரோடு பொருத்தும்போது அறிவியல் பெயர் வழியாகப் போங்கள். பெயருக்குப் பெயர் நேராகப் பொருத்தினால் வேறு மீனில் போய் நிற்பீர்கள்.

சர்ச்சையில் உள்ளவை

விலாங்கில் தொடங்கலாம். ஆற்று விலாங்குக்குச் செதில் இல்லை என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். உண்மையில் இருக்கிறது: பிறந்து சில ஆண்டுகள் கழித்துத் தோன்றும், மிக நுண்ணியது, தோலுக்குள் புதைந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும், கழன்றும் வர வேண்டும் என்ற அளவில் அது நிற்காது. எனவே கூடாது. அயிரையும் ஆராலும் இதே கேள்வியை எழுப்பும், அவற்றின் செதிலும் மிகச் சின்னது. இதைப் பொறுத்தவரை என் கருத்து, கழுவிய பின்னும் வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

வாள்மீன் அதைவிடச் சிக்கல். குஞ்சாக இருக்கும்போது அதற்குச் செதில் உண்டு, வளர்ந்ததும் இல்லை. செதில் உதிர்வது தடையில்லை என்ற பழைய விதியைக் காட்டி அனுமதித்தவர்களும் உண்டு; குஞ்சின் அந்தச் செதிலே கழற்ற முடியாத முள் போன்றது என்று மறுத்தவர்களும் உண்டு. இன்று ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் தவிர்க்கிறார்கள், கன்சர்வேடிவ் பிரிவினர் ஏற்கிறார்கள். மயில் மீனும் மார்லினும் வாள்மீனுக்கு உறவு. அவற்றின் செதில் ஊசிபோல நீண்டு தோலுக்குள் பதிந்திருக்கும், எடுக்க வராது.

ஸ்டர்ஜன் மீனில் கேவியார் என்ற விலை உயர்ந்த முட்டை கிடைப்பதால் அதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். உடலில் ஐந்து வரிசை எலும்புக் கேடயங்கள். ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் அவற்றைச் செதிலாக ஏற்பதில்லை. ஷியா நாடான ஈரானில் முதலில் தடைசெய்யப்பட்டிருந்தது. பிறகு மீனியல் வல்லுநர்கள் அதன் உடலில், குறிப்பாக வாலருகே, செதில் உண்டு என்று சொன்னதன்பேரில் 1983-இல் அந்நாட்டின் மதத் தலைவர் கோமேனி அனுமதித்தார். ஒரே மீன், ஒரே உடல். எதைச் செதில் என்று ஒப்புக்கொள்வது என்பதில் முடிவு மாறுகிறது. அதனால் இந்த மீன்கள் விஷயத்தில் நீங்கள் எந்த வழியில் இருக்கிறீர்களோ அந்த வழியின் பெரியவர்களைக் கேளுங்கள். மற்ற மீன்களுக்கு யாரையும் கேட்கத் தேவை வராது.

துண்டு, டின், முட்டை

இதுவரை சொன்னது முழு மீனுக்கு. தோல் உரித்து முள் எடுத்து வெள்ளை வெள்ளையாக அடுக்கி வைத்திருக்கும் துண்டில் என்ன பார்ப்பீர்கள்? ஒன்றும் பார்க்க முடியாது. பாசா, காட், திலேப்பியா மூன்றையும் தோல் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணுக்கே சிரமம். விலை குறைந்ததை உயர்ந்ததன் பெயரில் விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. எனவே, துண்டாக வாங்குவதென்றால் தோலோடு, செதில் சுரண்டாமல் ஒரு இணுக்காவது விட்டு வாங்குங்கள். அந்த இடத்தில் நீங்களே சுரண்டிப் பார்க்கலாம். செதில் எடுத்துவிட்டிருந்தாலும் தோலில் செதில் பதிந்திருந்த குழித்தடங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். அது ஓரளவுக்கு வழி காட்டும், முழுச் சான்று ஆகாது.

சால்மனுக்கு மட்டும் ஒரு சலுகை. அதன் சதையின் செம்மஞ்சள் நிறம் தனி. யூதச் சான்றிதழ் அமைப்புகள் பல அந்த நிறத்தையே அடையாளமாக ஏற்று, தோல் இல்லாத துண்டையும் அனுமதிக்கின்றன. வெள்ளைச் சதை மீன் எதற்கும் இந்தச் சலுகை கிடையாது.

முட்டைக்கு மீனின் விதியே. மீன் கூடுமானால் முட்டை கூடும், இல்லையென்றால் இல்லை. கறுப்புச் சாயம் ஏற்றிய சின்ன முட்டைகளைக் கேவியார் என்று புட்டியில் விற்பார்கள். அது பெரும்பாலும் லம்ப் ஃபிஷ் முட்டை, அந்த மீனுக்குச் செதில் இல்லாமல் எலும்பு முண்டுகள்தான். சினையை மீனின் வயிற்றிலிருந்து உங்கள் கண்முன்னே எடுத்தால் சந்தேகமில்லை.

நண்டுக் குச்சி என்று சிவப்பும் வெள்ளையுமாக வருவது பெரும்பாலும் பொல்லாக் மீனின் அரைத்த சதை. மீன் சரிதான், ஆனால் மணத்துக்காக உண்மையான நண்டுச் சாறு சேர்ப்பதுண்டு. பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசிக்காமல் எடுக்காதீர்கள். டின் மீனில் இனத்தின் பெயர் அச்சிட்டிருக்கும்: மத்தி, சூரை, அயிலை என்றால் சரி, வெறுமனே ‘மீன்’ என்றோ ‘வெள்ளை மீன்’ என்றோ போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். மீன் எண்ணெய் மாத்திரையிலும் எந்த மீன் என்று பாருங்கள். காட் ஈரல் எண்ணெய் காட் மீனிலிருந்து வருவது. சுறா ஈரல் எண்ணெய் என்று தனியாக ஒன்று உண்டு. மாத்திரையின் மேலுறை ஜெலட்டினா, அது எதிலிருந்து எடுத்தது என்பது இன்னொரு கேள்வி.

அப்புறம், மீன் வெட்டும் இடம். ஒரே பலகையில் இறாலை உரித்து, கெளுத்தியை அறுத்து, அதே கத்தியால் உங்கள் சங்கராவையும் வெட்டினால் முன்னதன் கொழுப்பும் கோழையும் இதில் ஒட்டும். கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் முழு மீனாக வாங்கி வீட்டில் வெட்டிக்கொள்கிறார்கள், அல்லது பலகையையும் கத்தியையும் நன்றாகக் கழுவச் சொல்லிவிட்டு நிற்கிறார்கள். அப்படி நிற்கும்போதே செதில் சுரண்ட வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். சுரண்டிவிட்டால் சோதிக்க எதுவும் மிச்சமிருக்காது.